சர்க்காரைக் காக்க வைத்த பாசி

டில்லியில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் நான். அந்த ஊரில் பிறரைக் காக்க வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ரேஷன் கடைக்காரர் காக்க வைப்பார், காஸ் சிலிண்டர்காரர் காக்க வைப்பார், டெலிபோனுக்கு எழுதிப் போட்டால் மகளுக்குக் கல்யாணமாகிப் பேரன் பிறந்த பிறகு இணைப்பு வரும். ஆனால் இந்திய சர்க்காரையே, அதுவும் ஒரு கைப்பிடிப் பாசிக்காக, ஐம்பத்து மூன்று நாள் காக்க வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எனக்கு மேலதிகாரியாக இருந்திருந்தால் நானும் தள்ளி நின்று சிரித்திருப்பேன். என் ஜாதகம், அவர் எனக்குக் கீழே வேலை பார்த்தார்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் 'ருக்கியே'. ஹிந்தியில் ருக்கியே என்றால் 'கொஞ்சம் பொறுங்கள்' என்று அர்த்தம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பதினெட்டு வருடம் டில்லியில் குடித்தனம் நடத்திய அவர் கற்றுக்கொண்ட ஒரே ஹிந்தி வார்த்தை அது. காய்கறிக்காரர் விலை சொன்னால் ருக்கியே என்பார். அடுத்த வார்த்தை வரும் வரும் என்று காத்துப் பார்த்துவிட்டுக் காய்கறிக்காரர் தானாகவே விலையைக் குறைப்பார். பஸ் கண்டக்டர், பால்காரர், பேப்பர்காரர் எல்லாருக்கும் அதே வார்த்தைதான். ஹிந்தியில் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிய நான் அதே காய்கறிக்காரரிடம் முழு விலைதான் கொடுத்தேன்.

நாங்கள் இருவரும் ஆர்.கே. புரம் சர்க்கார் குடியிருப்பில் அடுத்தடுத்த பிளாக். காலையில் ஒரே பஸ் ஸ்டாப்.

"இது வேண்டாம் சார்வாள். அடுத்தது காலியா வரும்" என்பார்.

"போன மூணு பஸ்ஸுக்கும் இதைத்தானே சொன்னீங்க?"

"சொன்னேன்லா. ஒரு பஸ்ஸாவது காலியா வராமலா போயிரும்?"

வரும். பத்தே முக்காலுக்கு வரும். அதில் நாங்கள் இருவரும் ராஜாக்களைப் போலக் கால் நீட்டி உட்கார்ந்து, அலுவலகம் போய்த் திட்டு வாங்குவோம்.

அலுவலகத்திலும் அப்படித்தான். மேலேயிருந்து எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் படித்துவிட்டு மேஜை டிராயரில் போட்டு மூடுவார். "ஊறட்டும்" என்பார். பத்து நாள் கழித்து, முந்தைய சுற்றறிக்கையை ரத்து செய்கிறோம் என்று இன்னொன்று வரும். மற்ற செக்‌ஷன்களில் எல்லாம் முதல் உத்தரவுப்படி வேலையை முடித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் செக்‌ஷனில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். அதற்காக என்னை ஒருமுறை பாராட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் இலாகா கடல் மீன்களைப் பற்றியது. கடலுக்கும் டில்லிக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறைவில்லை. எங்கள் கட்டடத்தில் கடலைக் கண்ணால் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் எந்த மீனை எப்போது எப்படிப் பிடிக்கவேண்டும் என்று நாள் முழுக்க எழுதிக்கொண்டிருப்போம். எங்களுக்கெல்லாம் தலைவர் பெரிய சாஹிப். லூதியானாக்காரர், ஆறடி உயரம், நல்ல மனிதர்தான். ஆனால் நினைத்தது நேற்றே நடந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்.

ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டில்லி முழுக்க மேம்பாலம் கட்டினார்களே, அதற்கு அடுத்த குளிர்காலம். பெரிய சாஹிப் ஏதோ ஒரு வெளிநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். அங்கே ஓர் அலுவலக வாசலில் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் கடல் மீன்கள் நீந்துவதைப் பார்த்திருக்கிறார். மார்ச் மாதம் வெளிநாட்டு விஞ்ஞானிகள் குழு நம் அலுவலகத்துக்கு வருகிறது, அதற்குள் நம் முன் ஹாலிலும் அப்படி ஒரு தொட்டி இருந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். பொறுப்பை என் தலையில் கட்டினார். நான் செக்‌ஷன் ஆபீசர். அதுவரை நான் வளர்த்த ஒரே பிராணி கொசு.

"பானி இருக்கு. நமக் இருக்கு. ரெண்டையும் கலந்தா சமுத்திரம். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் சாஹிப், ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒரு மூட்டை உப்பு வாங்கச் சொல்லி எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த ருக்கியே மெதுவாக அதை என் கையிலிருந்து எடுத்து மூடி வைத்தார்.

"சோத்துக்குப் போடுத உப்புல மீன் பொழைக்காது சார்வாள். கடலு வேற, ஊறுகா வேற."

அப்போதுதான் அவருடைய பூர்வீகம் தெரிந்தது. டில்லிக்கு வருமுன் எங்கள் இலாகாவின் கடற்கரை ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்திருக்கிறார். அங்கே ஒரு விஞ்ஞானி கடல் மீன் தொட்டிகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினாராம். எழுதித் திருத்தி, திருத்தியதைத் திருத்தி, மொத்தம் ஏழு தடவை அதை டைப் அடிக்க வைத்தாராம்.

"ஏழு தடவை சார்வாள், தடவைக்கு நாலு கார்பன். அவரு மறந்திருப்பாரு. என் விரலு மறக்காது."

கதையில்லை, நிஜம். தொட்டியைப் பற்றி எதைக் கேட்டாலும் அவருக்கு உடனே பதில் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு மேஜைமேல் இரண்டு கைகளையும் வைத்து டைப் அடிப்பார். விரல்கள் கடகடவென்று ஓடும். வரி முடிந்தால் இடது கையால் இல்லாத நெம்புகோலைத் தள்ளுவார். பிறகு கண்ணைத் திறந்து, "பதினாலாம் பக்கம், ரெண்டாம் பாரா" என்று பதிலைச் சொல்வார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

முதல் பிரச்சினை, கடலை டில்லிக்குக் கொண்டுவருவது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழியை டில்லித் தமிழனைத் தவிர வேறு யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. விடுமுறைச் சலுகையில் ஊருக்குப் போகிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் திரும்பும்போது காப்பிப்பொடி, அப்பளம், நல்லெண்ணெய், முருங்கைக்காய் என்று ரயில் கொள்ளாமல் கொண்டுவரும். அந்த மூட்டைகளோடு ஒரு பிளாஸ்டிக் கேன் கடல் தண்ணீர். அலுவலகத்தில் யார் லீவு கேட்டாலும் ருக்கியே ஒரு காலி கேனோடு போய் நிற்பார். "கரையோரம் மொள்ளாதிய, மண்ணா வரும். இடுப்பளவு தண்ணிக்குள்ள போங்க" என்பார். கேனை வாங்கிக்கொள்ளாதவர்களின் லீவு விண்ணப்பம் அவர் டிராயரில் ஊறும்.

இப்படி இரண்டு மாதத்தில் இருபது கேன் வந்து சேர்ந்தது. அக்கவுண்ட்ஸ் நாகராஜன் கொண்டுவந்த கேன் மட்டும் முக்கால்வாசி காலி. பக்கத்து சீட் அம்மாள், கேனில் என்ன என்று கேட்டிருக்கிறார். கடல் தண்ணீர் என்று உண்மையைச் சொன்னார். எந்தக் கடல் என்று அடுத்த கேள்வி. நாகராஜனுக்குச் சொந்த ஊர் ராமேஸ்வரத்துக்குப் பக்கம். அதையும் சொல்லித் தொலைத்திருக்கிறார். நாக்பூர் வருவதற்குள் அந்தப் பெட்டி முழுக்கத் தலையில் தெளித்துக்கொண்டாயிற்று. போபாலில் அடுத்த பெட்டியிலிருந்து சொம்போடு வந்தார்களாம். ஆக்ராவில் ஏறிய ஒரு சர்தார்ஜிகூடக் கை நீட்டினாராம். புண்ணியத்துக்குக் கேட்பவர்களிடம் எப்படி இல்லை என்பது என்று நாகராஜன் எங்களைக் கேட்டார்.

இன்னொரு கேன் என் வீட்டிலேயே மாட்டிக்கொண்டது. என் மைத்துனன் கொண்டுவந்து சமையலறை வாசலில் வைத்துவிட்டுப் போனான். எங்கள் பிளாக்கில் காலையில் ஒரு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். அன்றைக்கு அதுவும் வரவில்லை. நல்ல வேளை, யாரோ பிடித்து வைத்திருக்கிறார்களே என்று என் மனைவி அதிலேயே சாதம் வடித்து ரசமும் வைத்துவிட்டாள். முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு நானும் என் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "யாரு அந்த ருக்கியே?" என்று தொடங்கி என் மனைவி அன்றைக்குக் கேட்டதை அப்படியே அச்சில் போட முடியாது.

டிசம்பர் கடைசியில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஹாலுக்கு வந்தது. தூத்துக்குடியிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிய பவளப்பாறைக் கற்களும் அவற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு டஜன் நத்தைகளும் வந்தன. மணலைப் பரப்பி, கல்லை அடுக்கி, கடலை ஊற்றி, பம்பைப் போட்டு, விளக்கை எரியவிட்டோம். தண்ணீர் பளபளவென்று இருந்தது. சாஹிப் கைதட்டினார்.

"மீன் எப்போ வருது? நாளைக்கா?"

"ருக்கியே" என்றார் இவர்.

சாஹிப் என்னைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். நான் இவரைத் தனியே கூப்பிட்டு விசாரித்தேன். மேஜைமேல் விரல்கள் ஓடின.

"இது புதுத் தொட்டி சார்வாள். மீனோட அழுக்கைத் தின்னு தீர்க்குத கண்ணுக்குத் தெரியாத ஜீவனெல்லாம் இன்னும் இங்கன குடி வரலை. அதுக்கு முந்தி மீனை விட்டா, தன் அழுக்குலயே மூச்சு முட்டிச் செத்துரும். முதல்ல பழுப்பா, தூசி மாதிரி ஒரு பாசி வரும். பொறவு பச்சையா ஒண்ணு வரும். ரெண்டும் வந்து அடங்கணும். அடங்குனா வீடு குடியிருக்கத் தயார்னு அர்த்தம்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஆறு வாரம். எட்டு வாரமும் ஆகலாம். அது பாசிக்குத்தான் தெரியும்."

பாசியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போய் பெரிய சாஹிபிடம் சொல்ல முடியுமா? எப்படியோ மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் பதிலுக்கு ஒரே வார்த்தைதான் சொன்னார். "கௌஹாத்தி."

கடல் மீன் இலாகாவுக்குக் கௌஹாத்தியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்களுக்கு அங்கே ஒரு கிளை இருந்தது. ஆகாதவர்களை அனுப்புவதற்கென்றே இருந்தது. என் மகள் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பரீட்சை. நான் மாற்றலாகிப் போனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். குடும்பத்தோடு போனால் கௌஹாத்தியில் தமிழில் படிக்க எங்கே போவாள்? விட்டுவிட்டுப் போனால் டில்லியில் யார் வீட்டில் தங்குவாள்? டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படிக்கிற பெண். அவளுடைய படிப்பு இப்போது ஒரு தொட்டிப் பாசியின் கையில் இருந்தது. எனக்குத் தூக்கம் போனது அன்றிலிருந்துதான்.

இரண்டாவது வாரம் பழுப்புப் பாசி வந்தது. மணல், கல், கண்ணாடி எல்லாவற்றின் மேலும் யாரோ காப்பி டிகாக்‌ஷனைக் கொட்டிவிட்டது போல. சாஹிப் குனிந்து பார்த்துவிட்டு, "யே நாலா ஹை க்யா?" என்றார். இது என்ன சாக்கடையா என்று அர்த்தம். பெருக்கித் துடைக்கிறவரைக் கூப்பிட்டு, பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டுச் சுத்தமாகக் கழுவச் சொல்லிவிட்டுப் போனார்.

ருக்கியே தன் மேஜை, நாற்காலி, டைப்ரைட்டர் மூன்றையும் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு அலுவலகம் ஹாலில்தான். வெளியிலிருந்து வருகிறவர்கள் அவரை வரவேற்பாளர் என்று நினைத்து, இன்னாரைப் பார்க்க வேண்டும் என்பார்கள். "ருக்கியே" என்பார். அவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருநாள் பெரிய சாஹிபின் சொந்தச் சம்பந்தியே அப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

நாள் முழுக்க விளக்கு எரிய வேண்டும் என்றார் சாஹிப். வெளிச்சம் பாசிக்குச் சாப்பாடு, அஞ்சு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றார் இவர். மத்தியானம் விளக்கை அணைத்து, தொட்டியை மூட வீட்டிலிருந்து பஞ்சு அடைத்த பழைய ரஜாய்ப் போர்வை ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தினார். ஜன்னல் வெயிலும் படாது, ஜனவரிக் குளிரும் ஏறாது என்று கணக்கு. ஹாலின் நடுவே ரஜாய் போர்த்திய நீளமான உருவம் ஒன்று. பக்கத்தில் ஒருவர் சோகமே உருவாக உட்கார்ந்திருக்கிறார். சண்டிகரிலிருந்து வந்த ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்போது ஆயிற்று?" என்று என்னைக் கேட்டார்.

பிறகு பாட்டரித் தண்ணீர். ஹீட்டர் போட்ட தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறையும். உப்பு அப்படியே தங்கிவிடும், ஆகவே நல்ல தண்ணீரைத்தான் ஊற்றி ஈடு கட்ட வேண்டும். அதற்குக் குழாய்த் தண்ணீர் கூடாதாம். "அதுல கரைஞ்சு கிடக்குறதெல்லாம் பாசிக்குத் தீவனம் சார்வாள்." கார் பாட்டரிக்கு ஊற்றுகிற வடித்த நீர்தான் வேண்டும் என்று ஸ்டோரில் நாற்பது பாட்டில் கேட்டு எழுதினார். ஸ்டோர்கீப்பர் ஷர்மா என்னிடம் ஓடிவந்தார். அலுவலகத்துக்கு இருப்பதே ஒரு கார், அதுவும் தள்ளினால்தான் போகும், அதற்கு எதற்கு நாற்பது பாட்டில் என்று கேட்டார். அதனால்தான் தள்ள வேண்டியிருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பழுப்பு ஒருநாள் தானாகவே மறைந்தது. நான் மூச்சு விட்டேன். மறுநாளே பச்சை முளைத்தது. கல்லெல்லாம் தலைமயிர் மாதிரி நீளநீளமாகப் பச்சைப் பாசி. ருக்கியே தினமும் காலையில் சட்டையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷால் அதைச் சுற்றிச் சுற்றிப் பிடுங்கி வாளியில் போடுவார். சனிக்கிழமை தோறும் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுக் கொஞ்சம் புதுக் கடலை ஊற்றுவார். நத்தைகள் கண்ணாடியில் ஊர்ந்து மேய்ந்துகொண்டிருக்கும். "நல்லாச் சாப்பிடுங்கய்யா" என்று அவற்றிடம் மட்டும் அவசரப்படுத்துவார்.

ஜனவரி முடிந்ததும் சாஹிப் என்னைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை மீன் நீந்தவில்லை என்றால் வெள்ளிக்கிழமை உத்தரவு கையெழுத்தாகும் என்றார். நான் உடைந்துபோனேன். ருக்கியேவிடம் சொல்லாமல் மெட்ராஸுக்கு, மீனை விமானத்தில் அனுப்பச் சொல்லித் தந்தி கொடுத்தேன். வியாழக்கிழமை டில்லியின் பாலம் விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் நின்றேன். மீன் வரவில்லை. டிரங்க் கால் போட்டுக் கேட்டால், "என்ன சார், வேண்டாம்னு நேத்து ரெண்டாவது தந்தி உங்க பேர்லதானே வந்துச்சு?" என்கிறார்கள்.

அலுவலகத்துக்கு வந்தேன். அவர் தோள்வரை கையைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

"நீங்கதானே குடுத்தீங்க?"

"ஆமா. உங்க தந்தியோட ரசீது ஃபைலுக்கு எங்கிட்டதானே வரும்."

"என் பேர்ல நீங்க எப்படித் தந்தி குடுக்கலாம்? என் பொண்ணு படிப்பு என்ன ஆகும்னு நெனச்சீங்களா?"

"அதை நெனச்சுத்தான் குடுத்தேன் சார்வாள். இன்னைக்கு மீனை விட்டா ஞாயித்துக்கிழமை மிதக்கும். செத்த மீனைக் காட்டியா பொண்ணு படிப்பைக் காப்பாத்தப் போறிய?"

நான் கத்தினேன். இருபது வருட உத்தியோகத்தில் நான் அலுவலகத்தில் கத்தியது அந்த ஒரு தடவைதான். கட்டடமே ஹாலில் கூடிவிட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முடிந்தவுடன் என்னை உட்காரவைத்து, தன் பிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. அதன்பின் பதினைந்து நாள் பஸ் ஸ்டாப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வருகிற முதல் பஸ்ஸில் தொத்திக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. உத்தரவு வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயம்.

பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ருக்கியே கதவைத் தட்டிவிட்டு வாசலில் நின்றார். அன்றைக்கும் அலுவலகம் போய்விட்டு வந்திருக்கிறார் என்பது சட்டைக் கை ஈரத்தில் தெரிந்தது.

"சார்வாள், பிரஷ்ஷை விட்டுச் சுத்துனேன். ஒண்ணும் வரலை. அடங்கிட்டு."

நான் உள்ளே வரச் சொன்னேன். என் மனைவி நல்ல தண்ணீரில்தான் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் தந்தி கொடுத்தோம். இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கொடுத்தோம். ஐந்தே ஐந்து மீன். ஐம்பது கேட்ட சாஹிப், மீன் வந்து இறங்கிய பிளாஸ்டிக் பைகளைப் பார்த்ததும், "ஜல்தி, ஜல்தி, உள்ளே கொட்டு" என்று தானே கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். ருக்கியே பைகளை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டு, கால்மணிக்கு ஒரு கரண்டி தொட்டித் தண்ணீர் வீதம் பைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். பயணம் வந்த மீன்களுக்குப் புதுத் தண்ணீர் பழக வேண்டுமாம். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. சாஹிப் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ருக்கியே, சார்" என்றேன் நான்.

என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. சாஹிபுக்கும் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு கடைசி மீன் இறங்கும்வரை உட்கார்ந்தே இருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போனேன். ஒரே மூடுபனி. ஹாலுக்குள் நுழைந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மறுபடி எண்ணினேன். நாலுதான். மண்டியிட்டு மணலெல்லாம் தேடினேன்.

"என்ன தேடுதிய?" என்று பின்னாலிருந்து குரல். எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். கல்லுக்குப் பின்னாலிருந்த பொந்தைக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஐந்தாவது ஆசாமி அதற்குள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அப்பாடா என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அவர் ஊற்றிக் கொடுத்த காப்பியை மறுக்காமல் இரண்டு டம்ளர் குடித்தேன்.

குழு வந்த அன்று ஐந்து மீனும் ஜோராக நீந்தின. ஆனால் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் மட்டும் மெல்லிசாகப் பச்சை. நத்தைகளுக்குச் சாப்பாடு வேண்டாமா என்று இவர் விட்டு வைத்திருந்தார். துடைக்கச் சொல்லி சாஹிப் மூன்று தடவை சொல்லியும் கேட்கவில்லை. குழுவில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் நேராக அந்தப் பச்சையைத்தான் விரலால் காட்டினார். சாஹிபின் முகம் வெளுத்துவிட்டது. "இதைத் துடைக்காமல் விட்டிருக்கிறீர்களே, விஷயம் தெரிந்த யாரோதான் இந்தத் தொட்டியைக் கவனிக்கிறார்" என்றார் அந்த அம்மாள். சாஹிப் நெஞ்சை நிமிர்த்தி, "என் நேரடி உத்தரவு" என்றார். ருக்கியே பணிவாகத் தலையை ஆட்டினார்.

வேலை முடிந்ததால் தொட்டி சம்பந்தப்பட்ட கோப்பை மூடி வைக்க என்னிடம் அனுப்பினார்கள். புரட்டிக்கொண்டே வந்தேன். நான் ஹாலில் கத்தினேனே, அந்த வியாழக்கிழமைத் தேதியிட்டு ஒரு தாள். பிசிறில்லாத டைப். 'மீனை நிறுத்தித் தந்தி கொடுத்தவன் நான். செக்‌ஷன் ஆபீசருக்கு இதில் சம்பந்தம் இல்லை. அவருக்குப் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதும் மகள் உண்டு. எனக்குக் குழந்தைகள் இல்லை. கௌஹாத்திக்கு ஆள் தேவையென்றால் என்னை அனுப்பவும்.' ஓரத்தில் சாஹிபின் பச்சை மை: 'மீன் வரட்டும். செத்தால் இருவரையும் அனுப்பு.'

கோப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது. அவரைத் திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"என்னய்யா இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

அவர் தாளை எட்டிப் பார்த்தார். "ஓ, அதுவா? கௌஹாத்தியில ஆத்து மீனு ரொம்ப ருசியா இருக்கும்னு கேள்விப்பட்டேன் சார்வாள்" என்று சொல்லிவிட்டு நத்தையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். இத்தனைக்கும் மனிதர் சுத்த சைவம்.

என் மகள் இருந்த இடத்திலிருந்தே பரீட்சை எழுதினாள். முடிவு வந்த அன்று நல்ல மார்க்கோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தாள். நான் லட்டு வாங்கி வந்தேன். என் மனைவி வழக்கம்போல முதல் லட்டைப் பிள்ளையாருக்கு என்று எடுத்து வைக்கப் போனாள். அங்கேயே நின்று ஏதோ யோசித்தாள். பிறகு எடுத்த லட்டைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்து, மூடி என் கையில் கொடுத்தாள்.

"முதல்ல அவருக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. பிள்ளையார் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டார்" என்றாள்.